வடிவம் தேடும் இரு பாணிகள்

யாழ்ப்பாணத்து இணுவிலில் பாணி என்ற பேச்சு எழுந்தால் அது தட்சணாமூர்த்தியின் தவிலில் போய்த்தான் நிற்கும். நான் இங்கே சொல்ல வந்தது வேறொரு துறையின் பாணிகளை: கணினியில் காற்றோட்டத்தைக் கணித்து, இறக்கையின் வடிவைத் திருத்தும் துறை.

இறக்கையின் வளைவை நூறு மாறிகள் தீர்மானிக்கின்றன என்று வைப்போம். எதைத் தொட்டால் பின்னிழுப்பு எவ்வளவு மாறும் என்ற படித்திறன் வேண்டும். ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தால் நூற்றொரு கணிப்பு. ஒரு கணிப்பே இரா முழுக்க ஓடக்கூடும். அட்ஜொயின்ற் என்ற முறையில் பாய்ச்சல் சமன்பாட்டை ஒருமுறை, அதன் துணைச் சமன்பாட்டை ஒருமுறை தீர்த்தால் போதும். மாறிகள் ஆயிரமானாலும் செலவு ஏறக்குறைய அதேதான். பிரான்சின் ஒலிவியே பிரோனோ 1970களின் தொடக்கத்தில் மந்தமான, பிசுக்குமை மிகுந்த பாய்ச்சலுக்கு இவ்வழியைத் திறந்தார். அங்கே பின்னிழுப்பு மிகக் குறைந்த வடிவம் இரு முனையும் கூரானது. ஆனால் அதே கனவளவுக் கோளத்தைவிட 5 வீத ஆதாயம்கூட இல்லை! 1988இல் அந்தனி ஜேம்சன் இதே எண்ணத்தை விமான வேகத்துக்குக் கொண்டுபோனார்.

அதன்பின் வழி பிரிந்தது. ஒரு சாரார் சமன்பாட்டைத் தாளில் வகையிட்டு, பிறகே கணிப்பு வலையில் துண்டாக்குவர். மறுசாரார் முதலில் துண்டாக்கி, அந்தத் துண்டுகளையே வகையிடுவர். இன்று நிரலைத் தானாக வகையிடும் கருவிகளும் உண்டு. ஜேம்சனும் அவரது மாணவர் சிவா நடராஜாவும் 2000இல் இரண்டையும் ஒப்பிட்டனர். இரண்டாவது, நேரடியாக அசைத்துப் பார்த்த பெறுதிகளோடு கூடுதலாக ஒத்துப்போனது. ஆனால் வித்தியாசம் சிறிது, வலை நுண்மையாக அதுவும் சுருங்கியது. என் கட்சி இரண்டாவதுதான்: கணினி எதைக் கணிக்கிறதோ அதன் படித்திறனே கையில் வருகிறது. ஆனால் முதலாவதைப் படிக்காதவருக்குத் துணைச் சமன்பாட்டின் எல்லை நிபந்தனைகள் பிடிபடுவதில்லை.

இப்படித் திருத்தும் வழிகளின் தரத்தை அளக்கப் பொதுச் சோதனைகள் உள்ளன. நாக்கா 0012 இறக்கை வெட்டு, மாக் 0.85, பிசுக்குமை இல்லை, தடிப்பு குறையக்கூடாது. கேட்க எளிது, ஆனால் திருத்திய வடிவத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பாய்ச்சல் தீர்வுகள் கிடைத்து ஆய்வாளரைக் குழப்பின. ஆர்.ஏ.ஈ. 2822 என்ற இன்னொரு இறக்கை வெட்டின் சோதனையில் மாக் 0.734 ஒன்றுக்கே திருத்துகிறார்கள். அந்த வேகத்தில் அதிர்ச்சி அலை மறையும். சற்றே விலகினால் திரும்பும்.

இவற்றைத் தானே செய்துபார்க்க விரும்புபவருக்கு ஸ்ரான்போர்ட்டில் பிறந்த எஸ்.யு.2 மென்பொருள் இலவசம். நாக்கா 0012 அதன் பயிற்சிப் பாடங்களிலும் உண்டு. தொடங்குபவர் முதலில் இரண்டு மூன்று மாறிகளைக் கையால் அசைத்து, வரும் பெறுதியை அட்ஜொயின்ற் தரும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். குறி மாறியிருந்தால் வடிவத்தைத் தொடவே கூடாது.