யாருடைய நடு?

தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டில் உள்ள என் லேசர் கட்டிங் கடைக்குத் தைப்பூசத்துக்கு முன்பு ஒரு வேலை வந்தது. செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் தூக்கிச் செல்ல, அக்ரிலிக்கில் 40 செ.மீ. உயரச் சட்கோணம், அதாவது இரு முக்கோணங்கள் பின்னிய ஆறுமுனை நட்சத்திரம், ஒன்று வேண்டும். கடையில் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி, கணினியில் பேனாக் கருவியால் 30 செ.மீ. உயர முக்கோணம் ஒன்றை வரைந்து, நகல் எடுத்து, 180 பாகை திருப்பினார். நட்சத்திரம் வரவில்லை. தலைகீழ் முக்கோணத்தின் நுனி மற்றதன் அடிக்கோட்டில் முட்டி நின்றுவிட்டது.

"அண்ணாச்சி, நடுவுல வச்சுத்தானே சுத்தினேன்?"

அவர் சொன்னது சரி. மென்பொருள் காட்டிய நடுவில் வைத்துத்தான் சுற்றினார். ஆனால் அது முக்கோணத்தின் நடு அல்ல, முக்கோணத்தைச் சுற்றி மென்பொருள் தானாகப் போட்டுக்கொண்ட பெட்டியின் நடு. பெட்டியின் நடு அடியிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, சமபக்க முக்கோணத்தின் உண்மையான மையமோ 10 செ.மீ. உயரத்தில். அந்த 5 செ.மீ.தான் சட்கோணத்தைக் கெடுத்தது. சதுரத்திலும் வட்டத்திலும் இரண்டு நடுவும் ஒன்றாகவே விழுவதால் பழகும் காலத்தில் யாருக்கும் இந்த வேறுபாடு உறைப்பதில்லை. ஐந்திதழ்ப் பூ வரையும் நாளில்தான் இடிக்கும்.

உருவம் எந்தப் புள்ளியை நடுவாக வைத்துச் சுற்றும் என்று மென்பொருள் காட்டும் சுழல்மையக் குறி நல்ல ஏற்பாடு என்பதில் எனக்கு ஐயமில்லை. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் உருவத்தை முதல்முறை சொடுக்கினால் அளவு மாற்றும் அம்புகள் வரும்; மறுமுறை சொடுக்கினால் சுழற்றும் அம்புகளும் நடுவில் ஒரு சின்னக் கூட்டல் குறியும் வரும். அந்தக் குறியை எங்கே வேண்டுமானாலும், உருவத்துக்கு வெளியிலும், இழுத்து வைக்கலாம். ஜனவரியில் குடியரசு தின ஆர்டர்கள் குவியும்போது இதன் அருமை தெரியும். அசோகச் சக்கரத்தின் ஒரே ஒரு ஆரத்தை வரைந்து, குறியைச் சக்கரத்தின் மையத்தில் வைத்து, கன்ட்ரோலை அழுத்திச் சுழற்றினால் 15 பாகைக்கு ஒருமுறை நிற்கும். நிற்கும் இடத்திலெல்லாம் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் நகல் விழும். 24 ஆரங்களும் சில நொடிகளில் முடிந்துவிடும். குறி தப்பான இடத்துக்குப் போய்விட்டால் ஷிஃப்டோடு அதன்மேல் சொடுக்கினால் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

குறை என்னவென்றால், அது யாருடைய நடு என்று குறி சொல்வதே இல்லை. மென்பொருள் கணக்கிட்டு வைத்ததா, நான் வைத்ததா? பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். கோரல் டிரா என்ற இன்னொரு வரைகலை மென்பொருளில் குழப்பம் வேறு மாதிரி. முதல் சொடுக்கில் நடுவில் பெருக்கல் குறி. அதைப் பிடித்து இழுத்தால் உருவமே நகரும். மறுசொடுக்கில் அதே இடத்தில் புள்ளி வைத்த வட்டம். அதை இழுத்தால் சுழல்மையம் நகரும். அவசரத்தில் இரண்டையும் மாற்றிப் பிடிக்காத கை எங்கள் தெருவில் கிடையாது. இங்க்ஸ்கேப் நாம் வைத்த மையத்தைக் கோப்பில் நினைவு வைத்துக்கொள்கிறது என்பது பெரிய உதவி. ஆனால் அது இங்க்ஸ்கேப்பின் சொந்தக் குறிப்பு, எஸ்விஜி கோப்பு வடிவத்தின் பொதுத் தரத்தில் உள்ளதல்ல. வேறு மென்பொருளில் திறந்தால் போயிற்று.

பக்கத்துக் கும்பார்வாடாவில் சக்கரத்தில் மண்ணை அறைந்ததும் குயவர் செய்யும் முதல் வேலை, அதை நடுவுக்குக் கொண்டுவருவது. மண் சற்று விலகியிருந்தாலும் உள்ளங்கையில் தடதடக்கும். மாட்டுங்காவில் வாசலில் கோலம் போடும் மாமிகளும் கோட்டுக்கு முன்பே புள்ளிகளை வைத்துவிடுகிறார்கள். கடைசி இழை முடியும்வரை நடுப்புள்ளி கண்ணெதிரே இருக்கும். திரையில் எதுவும் தடதடப்பதில்லை. உருவம் முதலில் வருகிறது, நடு அதற்குப் பிறகு வருகிறது, பிழையோ பலகை வெட்டுப்பட்ட பின் வருகிறது. மென்பொருள் வைத்த நடுவுக்கு வெற்று வளையம், வரைபவர் வைத்த நடுவுக்கு நிறைத்த புள்ளி என்று பிரித்துக் காட்டினாலே பாதிப் பலகை மிச்சமாகும். இதைச் செய்வது அப்படியொன்றும் கடினமான வேலையாக எனக்குத் தோன்றவில்லை.

அதுவரை கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். முதலில் 20 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம், அதற்குள் முக்கோணம், பிறகு வட்டத்தின் மையத்தில் குறியைக் கொண்டுபோய் ஒட்டுவது. சட்கோணம் அப்படித்தான் சரியாக வந்தது. தம்பி அந்த வட்டத்தை அழிக்கவில்லை. வெட்டுக்குப் போகாத லேயரில் தள்ளி வைத்தார். அவர் செய்யும் ஒவ்வொரு ஃபைலிலும் இப்போது அப்படியொரு வட்டம் இருக்கிறது.