பிசகும் தாளம்: க்ரியேட்டரின் முதல் ஆல்பம்

இளையராஜா எழுதித் தந்த ஸ்வரத்தை வயலின்கள் பிசகாமல் வாசிப்பதைக் கேட்டு வளர்ந்த கம்பம் பள்ளத்தாக்குக் காதுக்கு, க்ரியேட்டரின் ‘எண்ட்லெஸ் பெயின்’ (1985) முதலில் வெறும் இரைச்சல்தான். த்ராஷ் மெட்டல், ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்து மூன்று பயல்கள். நிலக்கரி ஊர். அங்கிருந்த ஸோல்ஃபெராய்ன் சுரங்கத்தை 1986 கடைசியில் மூடிவிட்டார்கள். பாட்டிலே சுரங்கம் கிடையாது. சாவு, சாத்தான் எல்லாம் இங்கிலாந்தின் வெனம் குழுவிடம் வாங்கிய கடன்.

ஆனால் அந்த அவசரம் கடன் இல்லை. டிரம்மர் வென்டோர் முந்திக்கொண்டு ஓடுகிறார். மில்லே பெட்ரோஸாவின் கிடார் மூச்சிரைக்கத் துரத்துகிறது. பாடுவதையும் இருவரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். தலைப்புப் பாடலில் கத்துவது வென்டோர். அடித்துக்கொண்டே பாடுகிற ஆளுக்கு மூச்சு எங்கே மிச்சம்? அதனாலேயே, மில்லே பாடியவற்றைவிட எனக்கு அது ஒரு படி மேல். இங்கே தாளம் பிசகுவதைக் குறை என்று தள்ளினால் ஆல்பத்தில் மிஞ்சுவது கடன் வாங்கிய சாத்தான் மட்டும்தான்.

அடுத்த ஆண்டு வந்த ‘ப்ளெஷர் டு கில்’லைத்தான் ரசிகர்கள் கொண்டாடுவார்கள். இருக்கட்டும், கை தேர்ந்தபின் வாசித்தது அது. புதிதாகக் கேட்பவர்கள் ‘டார்மென்டர்’ பாட்டில் தொடங்கலாம். குழுவின் பழைய பெயரும் அதுதான்.