குருவின் வயிறு

கொரிய சீரியல்களில் 'ஹோ ஜுன்' ஒரு மைல்கல். 1999 நவம்பரில் எம்.பி.சி. சேனலில் ஆரம்பித்து 64 எபிசோட் ஓடியது. ரேட்டிங் 60 சதவீதத்தைத் தாண்டியது. ஆசைநாயகிக்குப் பிறந்தவன் அரண்மனை வைத்தியனாகிற கதை. ஊரே அழுத காட்சி ஒன்று உண்டு. இரைப்பைப் புற்றுநோய் முற்றிய குரு யூ உய்தே, 'என் உடலை அறுத்துப் பார், கற்றுக்கொள்' என்று சீடனுக்கு எழுதி வைத்துவிட்டு உயிரை விடுகிறார்.

அருமையான காட்சிதான். ஆனால் சுத்தக் கற்பனை. லீ உன்சுங் என்ற எழுத்தாளரின் நாவலிலிருந்து வந்தது. அந்தக் குருவே கற்பனை என்கிறார்கள் சரித்திரக்காரர்கள்.

நிஜ ஹோ ஜுன் செய்ததில் கண்ணீர் கம்மி, உழைப்பு ஜாஸ்தி. 1596-ல், ஜப்பான் படையெடுப்புக்கு நடுவே, மன்னர் உத்தரவில் ஆரம்பித்து, நாடு கடத்தப்பட்ட காலத்திலும் விடாமல் எழுதி 1610-ல் முடித்தார். 'டோங்உய் போகம்' என்ற 25 பாகப் புத்தகம். 1613-ல் அச்சானது, 2009-ல் யுனெஸ்கோ பதிவேட்டில் ஏறியது. படிக்காத கிராமத்து ஆளும் கண்டுபிடிக்கட்டும் என்று, உள்ளூர் மூலிகைகளின் பெயரை ஹங்குல் எழுத்திலும் கொடுத்தார். என்னைக் கேட்டால் சீரியலின் உச்சக்காட்சி அதுவாக இருந்திருக்க வேண்டும்.

சரி, தீராத அஜீரணத்துக்கு இந்த வைத்தியம் கேட்குமா?

சாப்பிட்டது இறங்கவில்லை என்றால் கொரியப் பாட்டிகள் கட்டைவிரலை நூலால் இறுக்கிக் கட்டி, நகத்தோரம் ஊசியால் குத்துவார்கள். கறுப்பு ரத்தம் வந்தால் 'சரியாப் போச்சு'. (இறுக்கிக் கட்டினால் யாருக்கும் கறுப்பாகத்தான் வரும்!) முறையாகப் படித்த வைத்தியர்கள் முழங்காலுக்குக் கீழே ஊசி, வயிற்றின் மேல் மூலிகைச் சூடு, கஷாயம் என்று போகிறார்கள். ஊசிக்கு அங்கே 1987 முதல் அரசு இன்ஷூரன்ஸ் உண்டு.

இதே ஊசியை சீனாவில் 278 அஜீரணக்காரர்களிடம் சோதித்து 2020-ல் வெளியிட்டார்கள். நாலு வாரத்தில், சரியான புள்ளியில் குத்திக்கொண்டவர்களில் 83 சதவீதம் பேருக்குத் தேவலை. புள்ளி இல்லாத இடத்தில் சும்மா மேலாகக் குத்திக்கொண்டவர்களிலும் பாதிப் பேருக்குத் தேவலை! ஊசியில் ஏதோ இருக்கிறது. கையைப் பிடித்து 'எப்படி இருக்கீங்க' என்று கேட்பதிலும் ஏதோ இருக்கிறது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அந்த 278 பேருக்கும் வயிற்றுக்குள் புண்ணோ கட்டியோ இல்லை என்று முதலிலேயே பார்த்துவிட்டார்கள். சீரியல் கோட்டைவிட்டது இங்கேதான். குருவின் தியாகத்துக்கு அழவைத்தார்களே தவிர, அஜீரணம் மாதிரி ஆரம்பிக்கிற எல்லாமே அஜீரணம் இல்லை என்று சொல்லவில்லை.

கொரிய அரசாங்கம் சொல்கிறது. இரைப்பைப் புற்று அதிகமுள்ள நாடு என்பதால், 40 வயதானவர்களை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பிக்குக் கூப்பிடுகிறது. எடை குறைகிறதா, மலம் கறுக்கிறதா, விழுங்கச் சிரமமா? எந்த ஊராக இருந்தாலும் முதலில் குழாய், அப்புறம் ஊசி.

சீடன் குருவின் வயிற்றைப் பார்க்க அவர் சாக வேண்டியிருந்தது. நமக்கு அந்த அவசியம் இல்லை.