பக்கவாத அளவுகோலும் தளவாய்புரத்துப் பாட்டியும்

பக்கவாதத்தின் கடுமையை எண்ணால் குறிக்க உலகெங்கும் பயன்படுவது அமெரிக்கத் தேசிய உடல்நல நிறுவனத்தின் அளவுகோல். 1989இல் அச்சேறிய இதில் சுழியம் முதல் 42 வரை மதிப்பெண். எண் ஏற ஏறப் பாதிப்பும் அதிகம். மூளையில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். செலுத்துவதா, வேண்டாமா என்ற முடிவில் இந்த எண்ணுக்கும் பங்கு உண்டு.

கண்ணை மூடு, கையைப் பிடி என்னும் கட்டளைகளில் தொல்லை குறைவு. சைகையால் செய்துகாட்ட விதியே இடம் தருகிறது. இடறுவது கேள்விகளில்தான். 'இது என்ன மாதம்? உங்கள் வயது என்ன?' பதில் துல்லியமாக இருக்கவேண்டும். ஏறக்குறைய என்றால் சலுகை இல்லை. தளவாய்புரத்துப் பாட்டி ஒருவரை அக்டோபர் முதல் வாரத்தில் கேட்டுப் பாருங்கள். மாதம் 'புரட்டாசி' என்பார். வயது 'எழுவது எழுவத்தஞ்சு இருக்கும்யா' என்பார். ஆங்கில மாதத்தை மட்டும் எதிர்பார்க்கும் இளம் மருத்துவர் இரண்டு மதிப்பெண் போட்டுவிடுவார். பாட்டியின் மூளையில் கோளாறு இல்லை, தாளில்தான் இருக்கிறது.

பெயர் சொல்லவேண்டிய படங்களைப் பாருங்கள்: கையுறை, சாவி, கள்ளிச்செடி, நாற்காலி, இறகு, மரங்களுக்கிடையே கட்டிய வலைத்தொட்டில். கள்ளி நம் கரிசல் காட்டுக்குப் புதிதன்று. கையுறையை வாழ்நாளில் மாட்டாதவர் என்ன சொல்வார்? வலைத்தொட்டிலைத் 'தூளி' என்றால் சரியா, தவறா?

குழறலைச் சோதிக்கும் சொற்பட்டியலில் ஒரு வேடிக்கை. முதற்சொல் 'மாமா'! தமிழுக்கும் வங்காளிக்கும் மாற்றமின்றிப் பொருந்தும். கடைசியில் வரும் 'பேஸ்பால் பிளேயர்' பொருந்தாது. அதற்குப் பதில் 'வாழைப்பழம்' வைக்கலாம் என்று தோன்றும். தென்மாவட்டங்களில் நல்ல நாக்கே அதை 'வாளப்பளம்' என்று சொல்லுமே! இதழ், நுனிநாக்கு, அடிநாக்கு மூன்றையும் சோதிக்கிற, எந்த வட்டாரமும் ஒன்றுபோல் ஒலிக்கிற சொற்களைத் தேடவேண்டும். இராஜபாளையத்தில் வீட்டில் தெலுங்கு பேசுவோரும் உண்டு. அவர்களை எந்த மொழியில் கேட்பது?

மூலத்திலேயே ஒரு சாய்வு இருக்கிறது. 42இல் 7 மதிப்பெண் மொழியைச் சார்ந்தவை. ஒரு பக்கத்தையே கவனியாமல் விடும் குறைக்கு 2 மட்டுமே. பெரும்பாலோருக்கு மொழி இடது மூளையில் இருப்பதால், வலது மூளையின் பெரிய சேதம் சிறிய எண்ணுக்குள் ஒளிந்துகொள்ளும். மொழிபெயர்ப்பு இதைத் தீர்க்காது.

2012இல் தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் இந்தி வடிவத்தைச் சோதித்து வெளியிட்டனர். இந்தி இருந்தால் வங்காளிக்கும் போதும் என்பது சோம்பேறிக் கணக்கு. வங்கமொழிக்குள்ளேயே தண்ணீரைச் சிலர் 'ஜோல்' என்பர், சிலர் 'பானி' என்பர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வங்காளிகள் ஏராளமாக வருகிறார்கள். நம் ஊர்களில் வேலை பார்ப்போரும் உண்டு. அவர்களில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்து, சிறு மருத்துவமனையில் உறவினர் மொழிபெயர்ப்பாளராக நின்றால் என்ன ஆகும்? நோயாளி குழறியதை அவர் அன்போடு திருத்தி, தெளிவான வாக்கியமாக்கி மருத்துவரிடம் சொல்வார். மருத்துவரும் பேச்சுக்குச் சுழியம் எழுதிக்கொள்வார்.