யானையும் அரசனும்: மேடைத் தணிக்கை குறித்து

சிரிய நாடகாசிரியர் ஸஅதுல்லாஹ் வன்னூஸ் 1969இல் வெளியிட்ட 'அல்ஃபீலு யா மலிகஸ் ஸமான்' அளவிற் சிறிய நாடகம். அரசனின் யானை ஊரில் ஒரு குழந்தையை மிதித்துக் கொன்றுவிடுகிறது. முறையிடத் துணிந்த மக்கள், ஜகரிய்யா என்பவரின் தலைமையில், சொல்ல வேண்டியதைத் திரும்பத் திரும்பப் பயில்கின்றனர். அரண்மனைக்குள் நுழைந்ததும் ஒருவருக்கும் நா எழவில்லை. இறுதியில் ஜகரிய்யா, யானை தனிமையில் வாடுகிறது, அதற்கொரு துணை தேடித் தர வேண்டுமென்று விண்ணப்பிக்கிறார். எந்தக் காவலரும் அவர் வாயைப் பொத்தவில்லை என்பதே இந்நாடகத்தின் நுட்பம்.

நம் திருச்சிராப்பள்ளிக்கு இது அந்நியக் கதையன்று. காவிரிக்கு அக்கரையில், ஸ்ரீரங்கத்தில் இராமகாதையை அரங்கேற்றுமுன் பலரின் ஒப்புதலைப் பெற்றுவருமாறு கம்பர் பணிக்கப்பட்டார் என மரபுவழிக் கதைகள் கூறும். அரங்கேற்ற மண்டபம் தாயார் சந்நிதிக்கு எதிரே இன்றும் உள்ளது. இக்கரையில் வாழ்ந்து 1979இல் மறைந்த எம்.ஆர். ராதாவோ, திருவாரூர் தங்கராசுவின் இராமாயண நாடகத்தை மேடையேற்றியபோது எவருடைய ஒப்புதலையும் நாடவில்லை. அவருடைய நாடகங்களை முன்னிட்டே 1954ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் பிறந்தது. பிரதியைக் காவல்துறையிடம் காட்டி அனுமதி பெறும் வழக்கத்துக்கு அச்சட்டம் அரணாயிற்று. மேடையிலேயே வசனத்தை மாற்றிப் பேசிய ராதாவை எந்தப் பிரதியைக் கொண்டு தணிக்கை செய்வது?

'பரீக்ஷா' ஞாநி தொடுத்த வழக்கில் 2013 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதவை என்றது. அதே மாதத்தில்தான் நம் அமைப்புகள் பல 'விஸ்வரூபம்' திரைப்படத்துக்குத் தடை கோரின. அரசும் 144ஆவது பிரிவின்கீழ்த் தடுத்தது. சில இடங்களில் ஒலி நீக்கப்பட்டு, பிப்ரவரி 7இல் படம் தமிழகத்தில் வெளிவந்தது. முஸ்லிம் என்றாலே துப்பாக்கி எனக் காட்டும் திரைவழக்கின்மீது நமக்கும் சினமுண்டு. ஆயினும் மறுப்பாக ஒரு நாடகத்தையேனும் நாம் மேடையேற்றினோமா? தடை கேட்பது எளிது. அதற்கு எழுதத் தெரிய வேண்டியதில்லை.

நம் கல்லூரி விழாக்களில் அரங்கேறுபவற்றைப் பாருங்கள்: வரதட்சணை, மது, கல்வியின் மேன்மை. எல்லாம் நல்லவையே. கைமாறிப்போன வக்ஃபு நிலத்தின் கதை எங்கே? அண்மையில் மாணவர் ஒருவர் அதை எழுதினார். முதல் பிரதியில் நிலத்தை விற்றவர் முத்தவல்லி. ஒத்திகைக்கு வந்தபோது அவர் வட்டிக்கடைக்காரர் ஆகியிருந்தார். யாரும் மாற்றச் சொல்லவில்லை.