முதல் தோல்வி எங்கே?

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தை பிரசித்தமானது. துருப்பிடித்த தையல் மெஷினிலிருந்து கால் ஒடிந்த நாற்காலி வரை அங்கே எல்லாம் கிடைக்கும். கத்தரி நாற்று வாங்கப் போனவன், அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலக் குத்துச்சண்டைப் புத்தகத்தோடு திரும்பினேன். நாற்று எங்கே என்று என் மனைவி கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

அதில் வர்ணனையே கிடையாது. வீரனின் பெயர், அதன் கீழே வரிசையாகத் தேதி, எதிராளி, முடிவு, அவ்வளவுதான். ஆனாலும் நள்ளிரவு வரை கீழே வைக்க முடியவில்லை. ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங் என்பவர் ரயில் பாதையில் கூலி வேலை செய்தவர். 1931இல் காசுக்காக முதல் தடவை மேடை ஏறினார். மூன்றாவது சுற்றில் விழுந்தார். அதே மனிதர் 1938இல் ஒரே சமயத்தில் மூன்று எடைப் பிரிவுகளில் உலகச் சாம்பியன்!

இன்னொருவர் பெர்னார்ட் ஹாப்கின்ஸ். சிறையிலிருந்து வெளிவந்து 1988இல் ஆடிய முதல் தொழில்முறைச் சண்டையில் தோற்றார். அடுத்த தேதியைப் பார்த்தால் 1990! இடையில் 16 மாதம் வெற்றிடம். திரும்பி வந்தபோது உடம்பைக் குறைத்துக்கொண்டு, கீழ் எடைப் பிரிவில் வந்தார். 1995இல் உலகப் பட்டம். 49 வயதிலும் பட்டம் வைத்திருந்தார்.

அந்த 16 மாதத்தைப் புத்தகம் ஒரு வரி இடைவெளியில் தாண்டிவிடுகிறது. கதாசிரியன் உட்கார வேண்டிய இடம் அதுதான் என்று எனக்குப் பட்டது. எத்தனை காலை எழுந்து ஓடினார், கண்ணாடியில் தம் முகத்தை எப்படிப் பார்த்தார்? நம் சினிமாவில் இதெல்லாம் ஒரு பாட்டுக்குள் முடிந்துவிடும்.

2021இல் பா. ரஞ்சித் எடுத்த 'சார்பட்டா பரம்பரை'யை இந்த நினைப்போடு மறுபடி பார்த்தேன். நல்ல படம், அதில் சந்தேகமில்லை. வடசென்னையின் பரம்பரைகளும் வாத்தியார்களும் இவ்வளவு ரத்தமும் சதையுமாகத் திரையில் வந்ததில்லை. ஆனால் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் கபிலன், அதுவரை மேடையே ஏறாதவன், தேர்ந்த ஆட்டக்காரனான டான்ஸிங் ரோஸை வீழ்த்திவிடுகிறான். கொட்டகையாயிருந்தால் நானும் விசிலடித்திருப்பேன். என்றாலும் கபிலனுக்குக் கை எப்போது பழகியது? ஆசையோடு வேடிக்கை பார்த்தே கற்றுக்கொண்டான் என்றால், சங்கீத சபையில் முன் வரிசைக்காரர்கள் எல்லோரும் வித்வான்கள்தாம்.

பிற்பாதி இழுக்கிறது என்று பலர் குறைபட்டார்கள். என் அபிப்பிராயம் நேர்மாறு. சாராயத்தில் முங்கி, தொந்தி விழுந்து, தாயாரின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியாமல் கபிலன் கிடக்கிறானே, அங்கேதான் படம் அந்த 16 மாதத்துக்குக் கிட்டே வருகிறது. மெதுவாகத்தான் போகும், வேறு எப்படிப் போகும்?

பிறரைச் சொல்ல எனக்கு யோக்யதை உண்டா என்பது வேறு விஷயம். நானும் ஒரு குத்துச்சண்டைக்காரனை வைத்துத் தொடர்கதை எழுதியவன். எங்கள் தெருக்கோடியில் சைக்கிள் கடை வைத்திருந்த பெரியவர் இளமையில் கையுறை மாட்டியவர். வாராவாரம் படித்துக்கொண்டு வந்தார். ஒருநாள் என் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டே, "சார், உங்க பையன் மொதச் சண்டையிலேயே ஜெயிச்சுட்டான். அப்புறம் எதுக்கு நான் அடுத்த வாரம் படிக்கணும்?" என்றார். சற்றுப் பொறுத்து, "என்னை மொத நாள் போட்டு அடிச்சான் பாருங்க, வீட்டுக்குப் போக வழி தெரியலே" என்று டியூபைத் தண்ணீரில் அமுக்கினார்.

நான் சிரித்தேன். எப்படி வீடு போய்ச் சேர்ந்தார் என்று கேட்கத் தோன்றவில்லை. இப்போது கேட்கலாமென்றால் அவர் இல்லை. கடை இருந்த இடத்தில் மொபைல் ரீசார்ஜ் செய்கிறார்கள்.

தொடர்கதை மறுபதிப்பு வரப்போகிறது. முதல் சண்டை அத்தியாயத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்திருக்கிறேன். பையன் விழுந்துவிட்டான்; இன்னும் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை.