பார்வை மங்கும் பருவம்: போர்ஹெஸும் ஆமிதியும்

முதுமையில் பார்வை இழந்த அறிஞர்களைப் பற்றி எழுதுவோர், புறக்கண் மூடியது, அகக்கண் திறந்தது என்று எழுதத் தவறுவதில்லை. இரங்கல் உரைகளில் இது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. இழந்ததற்கு ஈடாக வேறொன்று தானே வந்து சேர்ந்துவிடும் என்னும் ஆறுதலை இத்தொடர் தருகிறது. அது தானே வந்து சேருமா? காலத்தாலும் நிலத்தாலும் வெகு தொலைவிலுள்ள இரு நூல்களை அருகருகே வைத்து இதனை ஆராய விழைகிறோம்.

முதல் நூல், அர்ஜென்டினா எழுத்தாளர் ஹோர்ஹே லூயிஸ் போர்ஹெஸ் (1899-1986) 1969ஆம் ஆண்டு, தமது எழுபதாம் பிறந்த நாளில் வெளியிட்ட 'இருளின் புகழ்ச்சி' என்னும் கவிதைத் தொகுப்பு. அவர் தந்தையாரும் பார்வை இழந்தவரே. போர்ஹெஸின் பார்வையோ பல்லாண்டுகளாக மெல்ல மெல்ல மங்கி வந்தது. 1955இல் அந்நாட்டுத் தேசிய நூலகத்தின் இயக்குநராக அவர் நியமிக்கப்பட்டபோது, நூல்களை வாசிக்கும் ஆற்றல் அவரிடம் எஞ்சியிருக்கவில்லை.

தொகுப்பின் பெயர்க் கவிதை, முதுமை இன்பத்திற்குரிய காலமாகவும் இருக்கக்கூடும் என்று தொடங்குகிறது. நண்பர்களின் முகங்களும் நூல்களின் எழுத்துகளும் மறைந்துபோகின்றன; தம்மைத் தாமே அறியும் வேளை நெருங்குகிறது என்று அது முடிகிறது. அமைதியும் அழகும் மிக்க கவிதை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த அமைதி சற்று எளிதில் கிடைத்துவிட்டதோ என்னும் எண்ணம் நமக்கு எழுகிறது. அதே தொகுப்பில் '1968 ஜூன்' என்றொரு சிறு கவிதை உண்டு. ஒருவர் தம் நூல்களை அலமாரியில் அடுக்குகிறார். தோலையும் துணியையும் விரல்களால் உணர்ந்து மகிழ்கிறார். அவற்றில் ஒன்றையும் இனி வாசிக்க இயலாது என்பதும் அவருக்குத் தெரியும். இங்கே மகிழ்ச்சியும் இழப்பும் ஒரே கையில் இருக்கின்றன. பெயர்க் கவிதையைவிட இதுவே உண்மைக்கு நெருக்கமானது என்பது நம் கருத்து.

இரண்டாம் நூல் ஸலாஹுத்தீன் கலீல் இப்னு அய்பக் அஸ்ஸஃபதீ (வஃபாத்து ஹிஜ்ரி 764 / கி.பி. 1363) எழுதிய 'நக்துல் ஹிம்யான் ஃபீ நுகதில் உம்யான்'. பார்வையற்ற பெருமக்களின் வரலாற்றைத் தொகுத்துரைக்கும் இந்நூலை அஹ்மத் ஸகீ 1911இல் கெய்ரோவில் பதிப்பித்தார். சொல்லாராய்ச்சி, சட்ட விளக்கம் ஆகியவை அடங்கிய முன்னுரைகளுக்குப் பின் வாழ்க்கைக் குறிப்புகள் வருகின்றன. ஸஃபதீ தம் நூல் மாந்தரிடம் இரக்கம் காட்டுவதில்லை. அவர்கள் யாரிடம் கற்றனர், என்ன எழுதினர், எப்படித் தொழில் செய்தனர் என்று கூறிச் செல்கிறார். இந்த வறட்சியே நூலின் சிறப்பு.

அவர்களுள் ஒருவர் பக்தாதில் வாழ்ந்த ஹன்பலி மத்ஹபின் அறிஞர் ஸைனுத்தீன் அலீ இப்னு அஹ்மத் அல்ஆமிதி. உஸூல் கலை வல்லுநர் ஸைஃபுத்தீன் ஆமிதி வேறு, இவர் வேறு. இளமையிலேயே பார்வை இழந்த இவர் நூல் வணிகர். ஒவ்வொரு நூலையும் வாங்கியவுடன் மெல்லிய தாளை முறுக்கி, அப்ஜத் கணக்கின்படி விலையைக் குறிக்கும் எழுத்துகளாக வளைத்து, அட்டையின் உட்புறத்தில் ஒட்டி, அதன்மேல் மற்றொரு தாளை ஒட்டிவிடுவார். பின்னாளில் விலை மறந்துபோனால் விரலால் தடவி அறிந்துகொள்வார். தம் நினைவாற்றலின் மேன்மையை அவர் நம்பியிருக்கவில்லை. மறதி வரும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அதற்கொரு வழியும் செய்துவைத்தார். முதுமையில் பார்வை மங்குவோர் ஆமிதியிடம் கற்க வேண்டியது இதுவே.

போர்ஹெஸும் தம் வாழ்வில் இத்தகைய வழிகளைச் செய்துகொண்டவரே. மாணவர் சிலருடன் அமர்ந்து பழைய ஆங்கிலம் கற்றார். மனத்தில் இருத்த எளிது என்பதால் யாப்புக்குத் திரும்பினார். 1975இல் மறைந்த அவருடைய தாயாரும் நண்பர்களும் அவருக்கு வாசித்துக் காட்டினர். அவர் சொல்லச் சொல்ல எழுதினர். பார்வையின்மை பற்றி 1977இல் புவெனஸ் அய்ரெஸில் நிகழ்த்திய சொற்பொழிவில் பழைய ஆங்கிலக் கல்வியை அவர் நன்றியோடு நினைவுகூர்கிறார். ஆனால் பெயர்க் கவிதையில் அந்தக் குரல்கள் இல்லை. தம்மை அறியப் போகும் தனி மனிதர் ஒருவரே இருக்கிறார். அதன் குறை இங்கேதான் உள்ளது. தேசிய நூலகமும் வாசித்துக் காட்டுவோரும் வாய்க்காத ஒரு முதியவருக்கு அக்கவிதை வழிகாட்டாது.

மாணவர் வாசிக்க ஆசிரியர் செவிமடுத்துத் திருத்தும் முறை நம் கல்வி மரபின் ஆணிவேர். எனவேதான் பார்வையற்ற உஸ்தாதுகள் அம்மரபில் இயல்பாக இடம்பெற முடிந்தது. இன்று நம்மிடையே பார்வை மங்கிய பெரியவர்களுக்கு ஸலாம் உண்டு; மரியாதை உண்டு. நாள்தோறும் அரைமணி நேரம் ஒரு கிதாபை வாசித்துக் காட்டுவோர் எத்தனை பேர்?

எண்பத்தாறாம் வயதில், ஜெனீவாவில் கழித்த இறுதி மாதங்களில், போர்ஹெஸ் எகிப்தியர் ஒருவரிடம் அரபு மொழி கற்கத் தொடங்கினார் என்று அவர் துணைவியார் மரியா கொடாமா கூறியிருக்கிறார். அந்த மகிழ்ச்சிக்கும் ஓர் ஆசிரியர் வந்து அருகில் அமர வேண்டியிருந்தது. இனி ஒருவருக்கு அகக்கண் திறந்தது என்று எழுதுமுன், அவருக்கு வாசித்துக் காட்டியவர் யார் என்று கேட்போமாக.